நான்காவது மிக்

ஜூன் 9, திங்கள்

இன்றும் ஓடுதளத்தை விட்டு விலகி வேலியில் போய் முட்டினேன். தரையை விட்டு எழும்பவே இல்லை. கோளாறு என் மணிக்கட்டில். முன்னால் காத்தாடி சுற்றும் பழைய விமானத்தை ஒரு வருஷமாக ஓட்டிப் பழகியது அது. அந்த விமானத்தில் எஞ்சினை முடுக்கினால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும், ஸ்டிக்கை வலப்பக்கம் திருகிப் பிடிக்க வேண்டும். மிக்-15 ஜெட். காத்தாடியும் இல்லை, இழுப்பும் இல்லை. நான் மட்டும் சும்மா திருகிக்கொண்டிருக்கிறேன்.

கம்ப்யூட்டர் விளையாட்டுக்கா இவ்வளவு கவலை என்று அறைத்தோழிகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். படப்பையில் தாவீது அண்ணனின் கேம் சென்டரில் நாங்கள் நாலு பேர் ஓர் அணி: அவர், சக்திகுமார், கங்கா, நான். இந்த மாதம் போட்டி ஜெட்டுக்கு மாறிவிட்டது. 22ஆம் தேதி ஓசூர் அணியோடு ஆட்டம். எங்களுக்கு ரஷ்ய ஜெட் மிக், அவர்களுக்கு அமெரிக்க ஜெட் சேபர்.

ஜூன் 11, புதன்

எழும்பிவிட்டேன். இறங்கத்தான் முடியவில்லை.

பழைய விமானத்தில் எஞ்சினைக் குறைத்தால் காத்தாடியே பிரேக் மாதிரி பிடிக்கும். ஜெட் குறைத்த பிறகும் வழுக்கிக்கொண்டே போகிறது. பயந்துபோய் முழுக்கக் குறைத்தேன். வேகம் செத்து, பொத்தென்று கீழே போக ஆரம்பித்தது. எஞ்சினை முடுக்கும் த்ராட்டிலைக் கடைசி வரை தள்ளினேன். எஞ்சின் உடனே கேட்கவில்லை. மெல்ல முனகி, மெல்ல ஏறி, அது முழு வேகத்துக்கு வருவதற்குள் நான் வயலில் கிடந்தேன்.

கார் கம்பெனியில், சீட் மாட்டும் லைனில் போல்ட் முடுக்கும் கன் என் கையில். விசையை அமுக்கின நொடியே சுற்றும். காத்திருக்கத் தெரியாத கை இது. தெரியவைக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

சக்திகுமார்தான் எங்கள் கேப்டன். இன்று தனியாகக் கூப்பிட்டான். "இன்னா செல்வி, கோச்சிக்காத. ஓசூர் மேட்ச்சுக்கு ரகுவ இறக்கலாம்னு பாக்குறேன். நீ மேப்ப பாத்துக்கினு மைக்ல வழி சொல்லு."

ரகு பென்னலூர்க்காரன். சென்டருக்கு வந்து முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை. காத்தாடி விமானத்தில் இந்த அணியிலேயே அதிகம் சுட்டு வீழ்த்தினது யாரு? நான்லா? வழி சொல்லுததுக்கு நான் என்ன ஷேர் ஆட்டோ ஸ்டாண்டா? கண்ணீர் வந்துவிட்டது, அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

"ஆட்டத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை வரைக்கும் டைம் கொடு" என்றேன்.

"சரி. அன்னிக்கு ஒழுங்கா ஏத்தி எறக்கிக் காட்டு. அப்பால பேசலாம்."

காட்டுவேன்.

ஜூன் 15, ஞாயிறு

இறக்கினேன்! எஞ்சினை அணையவிடாமல் பாதி முனகலில் வைத்துக்கொண்டு, வேகத்தடுப்புப் பலகையை விரித்து, தூரத்திலிருந்தே தயாராகி வந்தேன். த்ராட்டிலைத் தொட்டதே இரண்டு மூன்று தடவைதான். நாலாவது தடவை தொட கை போனது. மடியில் வைத்துக்கொண்டேன்.

சண்டைதான் வரவில்லை. பயிற்சிக்காகக் கங்கா எதிரியின் சேபரில் வந்தாள், ஒவ்வொரு முறையும் என்னைச் சுட்டாள். வளைத்து வளைத்துத் திரும்பினால் பழைய விமானத்தில் ஜெயிப்பேன். இதில் வளைக்கிற ஒவ்வொரு வளைவிலும் வேகம் போகிறது, போனது சீக்கிரம் திரும்பி வருவதில்லை. தப்பிக்கக் கீழே பாய்ந்தால் ஸ்டிக் கல்லாகக் கனக்கிறது, விமானம் உதறுகிறது. சேபருக்கு அந்தத் தொல்லையே இல்லை.

கங்கா சொன்னாள்: "உன்ன சுடறது ஈஸிடி. எப்ப பாத்தாலும் கோவமா திரும்பிக்கினு என் மூஞ்சிக்கு நேரா வர்ற."

இவ்வளவு கேட்டும் ரகுவுக்கு இடம் விட மனசு வரவில்லை. வரவும் வேண்டாம்.

ஜூன் 17, செவ்வாய்

இந்த வாரம் செகண்ட் ஷிஃப்ட். கடை திறந்ததுமே போய்விட்டேன். இன்று மாற்றி உட்கார்ந்தோம், எதிரியின் சேபரில் நான், மிக்கில் கங்கா. சேபரால் எது முடியாது என்று பார்க்க வேண்டும் எனக்கு.

"சண்டை போடாத. என்னை விட்டுட்டு ஏறிட்டே போ" என்றேன். போனாள். முழு எஞ்சினில், நிதானமாக, மேலே மேலே. என்னால் எட்ட முடியவில்லை. மூக்கைத் தூக்கிச் சுடப் பார்த்தால் என் வேகம்தான் செத்தது. ஆத்திரம் வந்து விடாமல் துரத்தினேன். இந்தா பிடித்துவிடுவேன், இந்தா என்றே போனேன். தாவீது அண்ணன் பின்னால் வந்து என்னைச் சுட்டபோதுதான் அவரும் வானத்தில் இருந்தது தெரிந்தது.

துரத்துகிறவனுக்குக் கண் தெரியாது. எனக்கே தெரியவில்லையே.

ஜூன் 21, சனி

சக்திகுமார் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தான். ஏறினேன், இறங்கினேன். இன்னொரு தடவை என்றான். அதுவும் சரியாக வந்தது.

"நீயே ஏறு. நாளைக்கு மட்டும் வட்டம் போட்ட, நானே சுட்டுடுவேன்."

ரகு முகம் சுண்டிப்போனது. பாவமாகத்தான் இருந்தது. இடத்தை மட்டும் விடமாட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஓ.டி.க்குக் கூப்பிட்டார் சூப்பர்வைசர். முடியாது என்றேன்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இரண்டு சேபர் என் பின்னால். திரும்பு திரும்பு என்று கை துடித்தது. மைக்கில் சொன்னேன்: "ரெண்டு பேரு எங்கூட வாராங்க. நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க அங்க முடிங்க."

"திரும்பாத செல்வி" என்றான் சக்திகுமார்.

ஏறினேன். பிடித்துவிடலாம் போல ஓர் இடைவெளி மட்டும் விட்டு ஏறினேன். குண்டுகள் வாலுக்குக் கீழே போயின. கீழே எங்கள் மூன்று பேருக்கு அவர்கள் இரண்டு பேர். தாவீது அண்ணன் விழுந்தார், ஆனால் அந்த இரண்டு சேபரும் விழுந்தன. என்னைத் துரத்தியவர்கள் ஏறி ஏறி வேகம் செத்து மேலே தொங்கிக்கொண்டிருந்தபோது சக்திகுமாரும் கங்காவும் அவர்கள் பின்னால் வந்து சேர்ந்தார்கள். துரத்தி வந்த இருவரும் கடைசி வரை திரும்பிப் பார்க்காமலே விழுந்தார்கள்.

ஜெயித்தோம். திரையில் என் பெயருக்கு நேரே பூஜ்யம். ஒரு குண்டுகூட நான் சுடவில்லை. இவ்வளவு சந்தோஷம் எனக்கு இதற்குமுன் வந்ததில்லை.

ஜூன் 24, செவ்வாய்

ஓசூர் கேப்டன் குரூப்பில் எழுதியிருக்கிறான்: "அடுத்த தடவை செல்வி பின்னாடி எங்க ஆளு ஒருத்தரும் போக மாட்டாங்க."

தாவீது அண்ணன் சத்தமாகப் படித்தார். "இப்ப இன்னாம்மா பண்றது? உன் ஓட்டம் அவனுங்களுக்குத் தெரிஞ்சு கீது."

"யாரும் வரலைன்னா நான் அவங்க பின்னாடி இருப்பேன் அண்ணே" என்றேன்.

சக்திகுமார் கேப்டன் உட்காரும் நடு நாற்காலியில் இருந்து எழுந்து, தன் ஹெட்செட்டைக் கழற்றிக்கொண்டு ஓரத்து மெஷினுக்குப் போனான். நடுவில் என்னை உட்காரச் சொன்னான்.