நீ எடுத்து வைத்த சட்டைத் துணி

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

அங்கே நீ சுகமாகத்தான் இருப்பாய். இங்கே சொல்ல இரண்டு செய்தி. ஒன்று, எனக்கு வயிறு இன்னும் பெருத்துவிட்டது. மற்றதைச் சொல்லத்தான் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

பத்தாவதில் நான் கணக்கில் கோட்டைவிட்டவன். ஆனாலும் பள்ளிச் சான்றிதழில் 'நடத்தை: நன்று' என்று போட்டிருந்தார்கள். வகுப்புக் கண்ணாடியை உடைத்த உனக்கும் அதையே போட்டது எனக்கு ஆறவே இல்லை. குடி இல்லை, பீடி இல்லை, ஞாயிறு கோயில் ஆராதனை தவறியதில்லை. அந்தத் திமிர்தானே? என் மகள் நிச்சயத்துக்கு நீ குடித்துத் தள்ளாடி வந்தபோது, வண்ணார்பேட்டை மண்டப வாசலில் எல்லாரும் பார்க்க, "நடத்தை கெட்ட பயலுக்கு இங்கன என்னலே சோலி?" என்று வெளியே தள்ளினேன்.

அதன்பிறகு நீ குடியை விட்டாய். நான் கோபத்தை விடவில்லை. மூன்று வருஷம். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் அனுப்பினாய். "ஆராதனை முடியட்டும், வாரேன்" என்றேன். ஆராதனை முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

அன்றிலிருந்து, அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கு முழங்கால்போட முடியவில்லை. கடைசியில் நின்று நாற்காலி எண்ணுகிறவன்போல் நடித்தேன். அதற்கெல்லாம் ஈடாக உன் வீட்டில் குழாய் மாற்றினேன், உன் கல்லறைக்கு வெள்ளையடித்தேன். பாரம் இறங்கவில்லை. செய்ததைச் செய்யாததாக்க எந்தக் குழாயால் முடியும்?

போன வாரம் ஏணியில் நின்று உன் வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். உன் மனைவி, அதுதான் என் தங்கச்சி, வந்து நின்றாள்.

"இறங்குண்ணே. எந்தப் பாவத்தக் கழுவுத நீ?"

"உன் புருசனுக்கு நான் செஞ்சதுக்கு..."

"அவுக உன்னய மன்னிச்சு எம்புட்டு நாளாச்சு! நீ இன்னும் பெயிண்ட் அடிச்சிட்டுக் கெடக்க."

இறங்கி உள்ளே போய் உட்கார்ந்தேன். பெட்டியைத் திறந்து மூன்று சட்டைத் துணிகளை என் மடியில் போட்டாள். நாம் பேசாதிருந்த மூன்று கிறிஸ்மஸுக்கும், டவுண் ரதவீதிக் கடையில் பிள்ளைகளுக்கு எடுக்கும்போது எனக்கும் எடுத்தாயாம். வருஷா வருஷம் கால் மீட்டர் கூட. "மச்சான் வயிறு வளருதுல்லா, கூட்டிக் கிழியும் அண்ணாச்சி" என்று கடைக்காரரிடம் சொன்னாயாம்.

"எனக்கு இதுக்குத் தகுதி இல்லட்டீ."

"தகுதி பாத்தா அவுக எடுத்தாவ? உடுத்துதியா, பொட்டியிலயே கெடக்கட்டுமா?"

மன்னிப்பு நற்கிரியையால் அல்ல, கிருபையால் என்று எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன்! அது உன்னைப் போன்றவர்களுக்கு என்றல்லவா ஆமென் சொன்னேன், மச்சான்? நான் மன்னிப்புக் கேட்பதற்கு முன்பே நீ துணி எடுத்துவிட்டாய். சிலுவையில் ஒருவர் நமக்காக முந்திக்கொண்டதும் அப்படித்தானே? ஏற்கெனவே கொடுத்ததைச் சம்பாதிக்க ஏணியில் ஏறியிருக்கிறேன், மடையன்.

மிச்சச் சுவருக்கும் பெயிண்ட் அடிப்பேன். கழுவுவதற்காக அல்ல, தங்கச்சி வீடு, அவ்வளவுதான்.

முதல் துணியைத் தைக்கக் கொடுத்துவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டு வருகிற ஞாயிறு முழங்கால்போடுவேன், இது சத்தியம். பையில் சான்றிதழ் இருக்காது. வயிற்றுப் பொத்தான் பூட்டினால், அது உன் கால் மீட்டரால்.

நீ வெளியே தள்ளாத உன் மச்சான்,
ஆசீர்