ஊர் பார்க்க வந்தவர்களிடம் திவ்யா சொன்னது

என் பிரியத்துக்குரிய அண்ணே,

உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். அதை நானே உன்னிடம் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

ஆஸ்பத்திரியில் அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். "திவ்யாவுக்கு வலிப்பு இருக்கறது கல்யாணம் முடியற வரைக்கும் வெளியில தெரியக் கூடாதுடா." நான் சரி என்றேன். நீ கையை விடவில்லை. "சும்மா சரிங்காத. வாக்குக் குடு" என்றாய். கொடுத்தேன். நீ போன இந்த இரண்டு வருஷமும் அதைக் காப்பாற்றித்தான் வந்தேன்.

போன மாதம் உன் மகள் திவ்யாவுக்கு ஒரு வரன் வந்தது. சென்னைப் பையன், பேர் கார்த்திக். பெண் பார்க்க வருகிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை. "சனி, ஞாயிறு ரெண்டு நாள் திருச்சி சுத்திப் பாக்க வரோம். அப்படியே பிள்ளைங்களும் பேசிப் பழகட்டும்" என்று பையனின் அம்மா போனில் சொன்னார். ஒத்துவராவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காதாம். ஊர் சுற்றிக் காட்டுவதுதானே என் பிழைப்பு? எத்தனையோ குடும்பங்களை இந்த வேனில் ஏற்றி மலைக்கோட்டையும் ஸ்ரீரங்கமும் காட்டியிருக்கிறேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை காலையில் சாவியைத் திருப்புமுன் கண்ணாடியில் திவ்யாவைத்தான் பார்த்தேன்.

அண்ணி முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "வெயில்ல ரொம்ப நிக்க வைக்காதீங்க தம்பி. அவங்க எதிர்ல மாத்திரை போட வேணாம்னு அவகிட்ட சொல்லிட்டேன். நீங்களும் வாய் தவறி எதுவும் பேசிடாதீங்க."

கடைசியாக அவளுக்கு வலிப்பு வந்தது நீ இருந்தபோது. நாலு வருஷமாகிறது. ஆனாலும் மலைக்கோட்டையில் பாதிப் படி ஏறியதும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா, முகமெல்லாம் வெளுத்திருக்கு?" என்று பையனின் அம்மா குனிந்து பார்த்தார்.

"காலைல சரியா சாப்பிடலைங்க. வேற ஒண்ணுமில்ல" என்று அண்ணி முந்திக்கொண்டார்.

வலிப்பு வருமுன் அவளுடைய இடது கை விரல்கள் தானாக மடங்கும் என்று நீதான் எனக்குச் சொல்லியிருக்கிறாய். நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். விரல்கள் மடங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே எழுந்து, "போலாம் சித்தப்பா" என்று மேலே ஏறினாள்.

உச்சிக்குப் போனதும் கார்த்திக் கீழே கைகாட்டி, "இதுல எது காவிரி, எது கொள்ளிடம் அங்கிள்?" என்று கேட்டான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நான் மாற்றிச் சொல்லிவிட்டேன். திவ்யா சிரித்துக்கொண்டே திருத்தினாள். அதன்பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே இறங்கினார்கள். கீழே வந்து செருப்பு மாட்டும்போது கார்த்திக் என்னிடம், "அவங்க எதையும் ஒளிக்காம பேசறாங்க அங்கிள். எனக்கு அது பிடிச்சிருக்கு" என்றான். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

அன்று உன் வீட்டுக்கு வந்ததும் திவ்யா என் எதிரே உட்கார்ந்தாள். "நல்ல மனுஷனா இருக்காரு சித்தப்பா. அதான் கஷ்டமா இருக்கு. ஏமாத்தற மாதிரி இருக்கு."

அடுப்படியிலிருந்து அண்ணி குரல் கொடுத்தார். "உங்கப்பா என்ன சொல்லிட்டுப் போனாருன்னு உனக்குத் தெரியும்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். "கல்யாணம் முடியட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாயோ அதைத்தான் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் சொல்லியிருப்பாயா?

மறுநாள் ஸ்ரீரங்கம். பெருமாள் சேவை நல்லபடியாகக் கிடைத்தது. வெளியே வந்து, சேஷராயர் மண்டபத்தின் குதிரைத் தூண்களுக்கு எதிரே நிழலில் உட்கார்ந்தோம். பையனின் அப்பா ஒவ்வொரு தூணாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கல்லணை மட்டும்தான் பாக்கி, அதையும் காட்டிவிட்டால் தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்போது பையனின் அம்மா பையைத் திறந்து ஒரு முழப் பூவை எடுத்தார்.

"எங்க எல்லாருக்கும் பொண்ணைப் பிடிச்சிருக்குங்க. கோயில்லயே பூ வச்சிட்டுப் போயிடலாம்னு தோணுது."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பையனின் அம்மா பூவோடு எழுந்து வந்தபோது திவ்யா பின்னால் நகர்ந்தாள்.

"ஒரு நிமிஷம் ஆன்ட்டி. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். எனக்கு வலிப்பு உண்டு. பதினாலு வயசுலேர்ந்து மாத்திரை சாப்பிடறேன். நாலு வருஷமா வரல. இனிமே வராதுன்னு சொல்ல முடியாது."

பையனின் அம்மாவின் கை பூவோடு அப்படியே நின்றது. பிறகு அண்ணி சிரிக்க முயன்றார். "அவ பெரிசு பண்ணிச் சொல்றாங்க. சின்ன வயசுல காய்ச்சல்ல ஒரு தடவை வந்துது, அவ்வளவுதான்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

பையனின் அம்மாவும் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கண்ணே. எது நெஜம்?"

நான் பொய் சொல்லியிருக்க முடியும். அண்ணி சொன்னதற்கு ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், பூவை வைத்துவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். உன் கைப்பிடி என் கையில் அப்படியே இருந்தது. ஆனால் திவ்யா என்னைப் பார்க்கவே இல்லை. தலையைக் குனிந்து கல்தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் சேர்ந்து தன்னைப் பொய்க்காரி ஆக்கிவிடுவார்கள் என்று முன்பே தெரிந்துவைத்திருந்தவள் போல இருந்தது அந்த முகம்.

"திவ்யா சொன்னதுதான் நெஜங்க" என்றேன். "அவங்கப்பா கேட்டுக்கிட்டதால மறைச்சோம். தப்புதான்."

பையனின் அம்மா பூவைத் திரும்பப் பைக்குள் வைத்தார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. "கிளம்பலாங்களா?" என்றார் அவர் வீட்டுக்காரர். கல்லணைப் பேச்சே எழவில்லை. சாயங்கால ரயிலுக்கு நடுப்பகலிலேயே ஜங்ஷனில் இறக்கிவிடச் சொன்னார்கள். காவிரிப் பாலம் தாண்டி ஜங்ஷனில் வேனை நிறுத்தினேன். இறங்கும்போது கார்த்திக் மட்டும் திவ்யாவிடம், "சொன்னதுக்கு நன்றிங்க" என்றான்.

அவன் போன் செய்வான் என்று நானும் காத்திருந்தேன், அண்ணே. நாலாம் நாள் அவனுடைய அப்பாதான் செய்தார். ஜாதகம் அமையவில்லை என்றார். அதோடு முடிந்தது.

அண்ணி என்னிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். வாசலில் எதிர்ப்பட்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். நல்ல இடத்தை நானே கெடுத்துவிட்டேனோ என்று எனக்கும் மனசு ஆடிப்போயிற்று. மூன்றாவது வாரம் அவரே என் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தோம். தொடவில்லை.

"அன்னிக்கு நான் அப்படிச் சொன்னப்ப அவ முகத்தைப் பாத்தீங்களா தம்பி?"

"பாத்தேன் அண்ணி."

"நான் பாக்கல. உங்களைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இத்தனை வருஷமா நாங்க மறைக்க மறைக்க, அவ தன்னையே அசிங்கம்னு நெனச்சிருப்பா இல்ல?"

அதை உன்னிடம்தான் கேட்க வேண்டும், அண்ணே. உனக்குத் தெரியுமா? உலகத்துக்குப் பயந்துதான் என்னிடம் வாக்குக் கேட்டாயா, இல்லை உனக்கே வெட்கமாக இருந்ததா? நீ பேசக்கூடிய நிலையில் இருந்தபோதே அதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் வாக்கை மட்டும் கொடுத்துவிட்டேன்.

உன் இரண்டாம் வருஷ நினைவு நாள் வருகிறது. பேப்பரில் உன் படத்தோடு நாலு வரி போடலாம் என்றார் அண்ணி. நாலு வரிக்குப் பதில் நான் இந்தக் கடிதத்தை எழுதி, அவள் பேரை மட்டும் கவிதா என்று மாற்றி, திவ்யாவிடம் கொடுத்தேன். நாலு பேர் படித்தால் அவளுக்குப் பரவாயில்லையா என்று கேட்டேன். முழுதும் படித்தாள். பேனாவை எடுத்து, கவிதா என்று இருந்த இடத்தையெல்லாம் அடித்தாள். "என் பேரையே போடுங்க சித்தப்பா" என்றாள்.

போட்டுவிட்டேன். இனி யார் கேட்டு வந்தாலும் முதல் போனிலேயே சொல்லிவிடுவோம். அவளுக்குக் கல்யாணம் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். எதுவானாலும் அவள் பக்கத்தில் நான் இருப்பேன். ஆனால் அவளைப் பற்றிப் பொய் சொல்லும்படி யார் கேட்டாலும், நீயே வந்து கேட்டாலும், என் கையை நீட்ட மாட்டேன்.

உனக்குப் பின் பிறந்தவன்,
திவ்யாவின் சித்தப்பா,
முருகேசன்