நெஞ்சில் கட்டியிருக்கிறது

பாலக்காடு
8-7-1956

அன்பு மகள் ரம்லாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். கொழும்பில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி, இங்குள்ளதை வரிசை தவறாமல் எழுதுகிறேன்.

1. நீ அனுப்பிய பத்திரிகைத் தாள்.
2. உன் அம்மா குடித்த இருமல் மருந்து.
3. கோயம்புத்தூர் லேடி டாக்டர்.
4. நீ பதறிப் புறப்பட வேண்டியதில்லை.

தாளை அகராதி வைத்துப் படித்தேன். பெண்கள் மாதம் ஒருமுறை தாங்களே தடவிப் பார்க்க வேண்டும், சிறிதாக இருக்கும்போதே கண்டுகொண்டால் பிழைக்க வழி அதிகம் என்கிறார்கள். சதையோடு அடியோடு எடுப்பதா, குறைவாக எடுத்து எக்ஸ்ரே கதிர் பாய்ச்சுவதா என்று சீமை டாக்டர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லையாம். நம் வீட்டு வழக்கு அதைவிடப் பெரியது, அந்த இடத்தின் பெயரை யார் வாய்விட்டுச் சொல்வது என்பது. தாளில் உள்ளபடி தடவிப் பார்த்துவிட்டு உன் அம்மா 'இங்கே' என்றாள், உன் மாமி ஐசும்மா 'மேலுக்குள்ளே' என்றாள், நான் நம் டாக்டரிடம் போய், நன்றாக யோசித்து, கண்ணியமாக, நெஞ்சில் கட்டியிருக்கிறது என்றேன். கட்டி என்று நிறுத்தி, பிறகு இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருடம் பள்ளியில் இலக்கணம் நடத்தியவனுக்கு அந்த இடத்தில் மூச்சு நிற்கவில்லை. மலையாளியான அவர், 'கபக்கெட்டு அல்லே மாஷே, பேடிக்கண்டா' என்று, வெறும் சளிக்கட்டுதான், பயப்படாதீர்கள் என்று சிரித்து இருமல் மருந்து எழுதிக் கொடுத்தார். மறுத்துச் சொல்ல எனக்குக் கூச்சம். வேளை தவறாமல் நானே அளந்து ஊற்றினேன். சீசா தீர்ந்த அன்று உன் அம்மா, 'ஏனுங்க, இல்லாத இருமல் நல்லா நின்னுபோச்சுங்க, இருக்கறதுதான் அப்படியே இருக்குது' என்றாள்.

அதன்பிறகு ஐசும்மாதான் எங்களைப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள். லேடி டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். நெல்லிக்காய் அளவுதான், புற்றுதானா என்பது அறுத்துப் பார்த்தால்தான் தெரியும், தள்ளிப் போடாதீர்கள் என்றாராம். பெருநாள் கழியட்டுமே என்று கதவோரம் நின்று கேட்டேன், கட்டிக்குப் பெருநாள் தெரியுமா என்றார். ஆனால் உன் அம்மா படுக்க மாட்டேன் என்கிறாள். 'ரம்லா பக்கத்துல நின்னாத்தான் ஆபரேஷன். இவரு வாயத் தொறந்தா காலு வலிக்குக் காதுக்கு மருந்து வாங்கிட்டு வருவாரு' என்று டாக்டரிடமே சொல்லிவிட்டாள்.

பிள்ளைகளுக்கு என் துஆ. மழைக்காலம், தண்ணீரைக் காய்ச்சிக் கொடு. எழுதியதைத் திரும்பப் படித்தேன். உன் அம்மாவுக்கு மார்பில் கட்டி. இதை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம். நான்காவதாக எழுதியது தவறு. புறப்பட்டு வா.

உன் அத்தா,
அப்துல் சமது