சின்ன மாலை

மங்கலத்துக்கு,

சபரிமலைக்குப் போய்விட்டு இன்று சாயங்காலம் திரும்பினேன். அவன் போய் வருஷம் கழிந்துவிட்டது, இனி மாலை போடலாம் என்றார்கள். போட்டேன். மலையில் மழை இல்லை. கால் வலிக்கவில்லை. வேறென்ன எழுத என்று தெரியவில்லை.

பம்பையில் ஒருவர், "சாமி ஒற்றைக்காணோ?" என்று கேட்டார். தனியாகத்தான் என்றேன். என் கழுத்தில் இரண்டு மாலைகள் கிடப்பதைப் பார்த்துவிட்டு வழி விட்டார். கன்னிச்சாமிக்கென்று நீ பழவங்காடியில் வாங்கி வைத்த சின்ன மாலைதான் மற்றது. எனக்குக் கொஞ்சம் இறுக்கம்.

சந்நிதியில் எதுவும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. பின்னால் வந்தவர்கள் தள்ளினார்கள், நகர்ந்துவிட்டேன். படியேறும்போது அவனைத் தோளில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாய். அது மட்டும் ஞாபகம் வந்தது.

மலைக்குப் போனவன் திரும்பும்வரை வீட்டில் விளக்கு வைக்கவேண்டும். நீ கரமனையில் உன் அண்ணன் வீட்டில் இருக்கும்போது யாரிடம் சொல்வது? பூட்டிவிட்டுப் போனேன்.

வந்து கதவைத் திறந்தால் விளக்கு எரிகிறது.

எதிர்வீட்டு அஸ்வதிதான் சொன்னாள். "சேச்சி தினமும் அந்திக்கு வந்து விளக்கு வச்சிட்டுப் போகும். சாமிகிட்ட பறையண்டான்னு சொல்லிச்சு." என்னிடம் சொல்லவேண்டாம் என்றாயாமே; உன்னிடம் இன்னொரு சாவி இருப்பதையே மறந்துவிட்டேன்.

விளக்குக்கு முன்னால் நின்று என் மாலையை நானே கழற்றினேன். சின்ன மாலை கழுத்திலேயே கிடக்கிறது. பிள்ளை மலையிறங்கி வந்தால் மாலையை அம்மாதானே கழற்றவேண்டும்.

விளக்கில் எண்ணெய் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
அவனுடைய அப்பா