தப்பு அடித்த என் கணவரை விடுவிக்கக் கோருதல்

அனுப்புநர்:
ச. ரத்தினம்மா, க/பெ. சம்பங்கி,
ஸ்கெலட்டன் லைன், கோலார் தங்கவயல்.

பெறுநர்:
உயர்திரு டெபுடி கமிஷனர் அவர்கள்,
கோலார் மாவட்டம்.

பொருள்: "தப்பு அடித்தேன்" என்றவரைக் குற்றத்தை ஒப்புக்கொண்டவராக எழுதிக் காவலில் வைத்திருப்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் சம்பங்கி சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாவுக்கும் திருவிழாவுக்கும் தப்பு அடிப்பவர். தப்பு என்பது மாட்டுத்தோல் கட்டிய பறை, கன்னடத்தில் தமட்டெ. பெங்களூரில் மாநில நாட்டுப்புறக் கலைக் கமிட்டியில் உறுப்பினராக இருந்தபோது, அரசு ஊர்வலங்களில் தோல் கருவிகள் முன்னால் போக வேண்டும், ஒவ்வொரு கருவியையும் அதை வாசிப்பவர் சொல்லும் பெயரிலேயே எழுத வேண்டும் என்று போராடி, இரண்டையும் அரசாணையாக வாங்கியவர்.

2. முந்தாநாள் எங்கள் லைன் வீடுகளைச் சேர்ந்த சின்னசாமியின் சவ ஊர்வலம் ராபர்ட்சன்பேட்டை பஜாரைத் தாண்டும்போது, யாரோ எறிந்த கல்லில் பஸ் கண்ணாடி உடைந்தது. போலீசார் கையில் அகப்பட்டவர்களைப் பிடித்தார்கள். அந்த நெரிசலில் இவர் கையிலிருந்த தப்பு எங்கேயோ விழுந்துவிட்டது. எஸ்.ஐ. புதிதாக வந்தவர், வடக்கு ஜில்லாக்காரர், தமிழ் தெரியாது. நீ என்ன செய்தாய் என்று கேட்டதற்கு இவர், "தப்பு சார், தப்பு அடிச்சேன்" என்றிருக்கிறார். கன்னடத்திலும் தப்பு என்றால் குற்றம்தானே ஐயா! கல் எறிந்ததை ஒப்புக்கொண்டதாக எழுதிவிட்டார்கள்.

3. நேற்று நானே போய்க் கன்னடத்தில் விளக்கினேன். தப்பு என்று ஒரு வாத்தியம் தான் கேள்விப்பட்டதில்லை, தமட்டெ என்று அவரே வாயால் சொன்னால் விடுகிறேன் என்றார் எஸ்.ஐ. "ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டு வூட்டுக்கு வாங்களேன்" என்று இவரிடம் கெஞ்சினேன். "பெங்களூர்ல கமிட்டியில சண்டை போட்டு வாங்கின பேரு. இன்னா, லாக்கப்புல வெச்சா மாத்திக்குவனா?" என்கிறார். ஒருவர் பிடிவாதத்தோடு குடித்தனம் செய்தாகிவிட்டது. எஸ்.ஐ.யுடையதையும் சேர்த்து இரண்டு பேருடையதை என்னால் தாங்க முடியாது.

4. அவருக்குச் சர்க்கரை உண்டு. நான் கொடுத்த மாத்திரையை வாங்கி மேசையில் வைத்தார்கள். அவருக்குக் கொடுத்தார்களா தெரியவில்லை. நாளை கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்களாம். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே, இரு மொழியும் அறிந்த அதிகாரி ஒருவரை அந்த அரசாணையின் நகலோடு இன்றே அனுப்பி, வாக்குமூலத்தைத் திருத்தி, அவரை விடுவிக்கும்படி பணிந்து கேட்கிறேன். இம்மனுவைக் கொண்டுவரும் பக்கத்து வீட்டு மரியகுழந்தையிடமே பதில் சொல்லி அனுப்பலாம்.

நான் ஸ்டேஷன் வாசலில் இருப்பேன். வீட்டிலிருந்த இன்னொரு தப்பைத் தோல் விறைக்க நெருப்பில் காய்ச்சி எடுத்து வந்திருக்கிறேன். எனக்கு அடி சரியாக வராது. இருந்தாலும் பொழுது சாய்வதற்குள் ஆள் வராவிட்டால் அடிப்பேன். என்ன செய்தாய் என்று கேட்டால், அவர் சொன்ன அதே பதிலைத்தான் நானும் சொல்வேன்.

இடம்: ராபர்ட்சன்பேட்டை
நாள்: 17.9.1996

இப்படிக்கு,
ச. ரத்தினம்மா