இடக்கைக்கு ஒரு ரேடியோ

ஜனவரி 19, ஞாயிறு

கணபதி ஏரியாவில் இந்த வாடகை வீட்டுக்குக் குடிவந்து ஐந்து வாரம். கடைசி அட்டைப்பெட்டியை இன்றுதான் பிரித்தேன். சிவப்புக் காரைக் கணவர் கிருபாசங்கர் வைத்துக்கொண்டார்; என் பங்குக்கு வந்த மற்ற மூன்று ரிமோட் ரேஸ் கார்களும் அடிபடாமல் வந்திருக்கின்றன. ரேடியோ இல்லை.

நானும் அவரும் பிரிந்தபோது வெள்ளகோவிலில் எங்கள் இருவருக்கும் சாமான் பிரித்துக் கொடுத்த பெரியப்பாவுக்கு இது தெரிந்திருக்காது. கையில் துப்பாக்கி மாதிரிப் பிடித்து, பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பி ஓட்டும் ரேடியோ இல்லாவிட்டால் கார் அசையாது. காருக்குள் இருக்கும் ரிசீவர் தன்னோடு இணைத்த ரேடியோவின் பேச்சை மட்டும்தான் கேட்கும். "அந்தப் பொம்மக் காரும் வேணுமா கண்ணு? எடுத்துக்க" என்றார். கட்டில், கிரைண்டர், அண்டா என்று எல்லாவற்றுக்கும் வாய் திறந்த கிருபாசங்கர் அப்போது மட்டும் பேசாமல் இருந்தார். ஏழு வருடம் அந்த ரேடியோவைப் பிடித்து ஓட்டியவர். அவருக்குத் தெரியாதா?

ஃபோன் செய்தேன்.

"ரேடியோ என் பேர்ல வாங்குனது லோகா. காரைத்தான் எடுத்துக்கிட்டயில்ல?"

வைத்துவிட்டார்.

ஜனவரி 20

காலையில் ரேடியோவைக் கேட்டு ஒரு மெசேஜ் போட்டேன். பார்த்துவிட்டார்.

ஜனவரி 25, சனி

கம்பெனியில் அரை நாள். பம்ப் பாகங்களை அளந்து அளந்து கண் எரிந்தது. அப்படியே துடியலூர் ரோட்டில் கிஷன் கடைக்குப் போனேன். கார் சாமான்களை ஏழு வருடமாக வாங்கும் கடை. உள்ளே கால் வைத்ததும், "வாங்கக்கா, அண்ணன் வரலீங்களா?" என்றான். இல்லை என்றேன். அவனுக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது, முகத்தைத் திருப்பி ஷெல்ஃபைத் துடைத்தான்.

ரேடியோ கேட்டேன். இருப்பதிலேயே விலை குறைந்ததை எடுத்து வைத்தான். "சும்மா பொழுதுபோக்குக்குத்தானுங்கக்கா? இது போதுமுங்க."

பொழுதுபோக்கு! துடியலூர் ரேஸ் கிளப்பில் அவர் வாங்கிய மூன்று கோப்பைக்கும் காரைத் தயார் செய்தது யார் என்று இவனுக்குத் தெரியாதா? ஸ்பிரிங், எண்ணெய், டயர் எல்லாம் இவனிடம்தானே வந்து வாங்கினேன்? நடுத்தர விலையில் என்னென்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

இரண்டு இருக்கின்றன. ஒன்று பழைய ரேடியோவின் கம்பெனி. வாங்கினால் கார்களில் இருக்கும் ரிசீவர் அப்படியே ஒத்துப்போகும், வேலை மிச்சம். இன்னொன்று வேறு கம்பெனி. மூன்று ரிசீவரையும் கழற்றி மாற்ற வேண்டும். ஆனால் அதில் ஸ்டியரிங் சக்கரத்தைக் கழற்றி இடது பக்கம் பொருத்திக்கொள்ளலாம்.

இடது பக்கம்.

நான் பீச்சாங்கைக்காரி. எழுதுவது, அளப்பது, கத்தி பிடிப்பது எல்லாம் இடது கைதான். கார் மட்டும் ஏழு வருடம் வலது கையில் ஓட்டினேன், ரேடியோ அப்படித்தான் இருந்தது என்பதால். ஒவ்வொரு திருப்பத்திலும் அரை நொடி தாமதம். "உனக்கு ஓட்டக் கை வரல லோகா, செட் பண்ணத்தான் கை வருது" என்பார். நானும் நம்பினேன். எவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

அம்மா வெள்ளகோவிலிலிருந்து வந்திருக்கிறாள். நான் நோட்டில் இரண்டு ரேடியோவையும் ஒப்பிட்டு எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "இதுக்கா கண்ணு இத்தன ரோசன? அதையெல்லாம் வித்துப்போட்டு நாலு சேலை எடு" என்றாள்.

சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தாள். "மாப்பிள்ள வேற பேசுனாரு. நீ எந்நேரமும் அந்தக் காரோடயே கெடந்தியாமா. வூட்டக் கவனிக்கறதே இல்லையாமா. அதான் ஒத்துவரலைன்னாரு."

யாருடைய காரோடு கிடந்தேன்? சனிக்கிழமை பூரா சமையலறை மேடையில் யாருடைய சிவப்புக் காரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன்? ஞாயிற்றுக்கிழமை யார் கோப்பையோடு ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்? அதை இப்படித் திருப்பிச் சொல்ல எப்படித்தான் வாய் வந்துச்சு இந்த மனுசனுக்கு!

அம்மாவிடம் சொன்னால் அழுவாள். அப்புறம் அவளை நான் தேற்ற வேண்டும்.

பிப்ரவரி 8, சனி

முடிவு செய்துவிட்டேன். வேறு கம்பெனி ரேடியோதான். வண்ணத் திரை கிடையாது, பிடி பிளாஸ்டிக். பரவாயில்லை. கிஷன் கடையிலேயே ஸ்க்ரூடிரைவர் வாங்கிச் சக்கரத்தை இடது பக்கம் மாற்றிப் பார்த்தேன். வலது கையில் பிடி, விரல் விசையில், இடது கை சக்கரத்தில். தோள் தானாக இறங்கியது.

"இப்படி மாத்தலாம்னு எனக்கே தெரியாதுங்கக்கா" என்றான் கிஷன்.

பிப்ரவரி 12

மூன்று ரிசீவரையும் மாற்றி இணைத்துவிட்டேன். சிக்னல் விட்டுப்போனால் கார் தானாகப் பிரேக் பிடிக்கும்படியும் வைத்தாயிற்று. மொட்டைமாடியில் வெள்ளைக் காரை ஓட்டினேன். இடது என்று நினைத்தால் வலது போகிறது. ஏழு வருடப் பழக்கத்தை மறக்க எத்தனை நாள் ஆகும்?

பிப்ரவரி 16, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது.

துடியலூர் மைதானத்துக்குப் போனேன். கிளப் செயலாளர் நஞ்சுண்டன் வாசலிலேயே எழுந்து வந்தார். நல்ல மனிதர், எப்போதும் மரியாதையாகப் பேசுவார். இன்றைக்கும் மரியாதையாகத்தான் பேசினார்.

"ஏனுங்கம்மணி, மெம்பர்ஷிப் கிருபா பேர்லதானுங்க இருக்குது. நீங்க குடும்பத்துல சேத்தி. இப்பக் குடும்பமே..." என்று நிறுத்தினார். "புதுசா எழுதிக் குடுங்க. ரெண்டு மெம்பர் கையெழுத்து வேணுமுங்க. பாக்கறதுக்கு நீங்க எப்ப வேணாலும் வரலாம், ஆரும் வேண்டாங்கல."

பதினோரு பேர் நின்றிருந்தார்கள். அதில் ஒன்பது பேரின் காருக்கு நான் ஷாக்அப்சார்பர் சரி செய்து கொடுத்திருக்கிறேன். ஒருவரிடமும் பேனா இல்லை போல. கிருபாசங்கர் தூரத்தில் சிவப்புக் காரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். காரில் அப்படி என்ன தெரிந்ததோ!

பிப்ரவரி 18

அவர் ஃபோன். நான் ஒரு நிமிடம் வேறு மாதிரி நினைத்துவிட்டேன். மன்னிப்பு, அது இது என்று.

"லோகா, சிவப்புக் காரு திருப்பத்துல வெளிய வெளியப் போகுது. டிஃப்ல என்ன எண்ண ஊத்துவ நீ?"

ரெண்டு மாசம் கழிச்சுக் கேக்கற கேள்வியா இது? ஆமாம், இதுதான் கேள்வி.

"சொன்னீன்னா நானே உனக்குக் கையெழுத்துப் போட்டுர்றேன். இன்னொண்ணும் வாங்கித் தாரேன்."

சொல்லிவிட்டேன். டிஃபரென்ஷியல் கியருக்கு ஊற்றும் எண்ணெயின் கெட்டி நம்பர் முன்னால் ஏழாயிரம், பின்னால் ஐயாயிரம். தப்பான நம்பரைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பாசம் ஒன்றும் இல்லை. நான் செட் பண்ணிய கார் தப்பாக ஓடுவது எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

பிப்ரவரி 23, ஞாயிறு

கையெழுத்து வரவில்லை. நஞ்சுண்டன்தான் அழைத்தார். "கிருபா ஒண்ணும் சொல்லலீங்களே அம்மணி. அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க."

மார்ச் 2, ஞாயிறு

திருப்பூரில் 16ஆம் தேதி போட்டி. கிளப் வேண்டாம், தனி ஆளாகவே கலந்துகொள்ளலாமாம். பெயர் கொடுத்துவிட்டேன். ஞாயிறுதோறும் காலியாகக் கிடக்கும் கம்பெனி பார்க்கிங்கில் ஓட்டிக்கொள்ள மேனேஜரிடம் அனுமதி வாங்கினேன். வாட்ச்மேன் ராமுலு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். "ஏனுங்கம்மா, இதுல என்னங்க கெடைக்கும்?" என்றார். தெரியவில்லை என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

இருபது சுற்று. ஆறு முறை கார் சுவரில் முட்டியது.

மார்ச் 16, ஞாயிறு

இறுதிச் சுற்றில் பத்து பேர். நான் ஏழாவது.

அவர் முதலாவது. சிவப்புக் கார் கோடு போட்ட மாதிரி திரும்பியது. ஏழாயிரம், ஐயாயிரம். மேடையில் மைக்கைக் கொடுத்துக் கேட்டார்கள், காரை யார் தயார் செய்கிறார் என்று. "எல்லாம் சொந்தமாத்தானுங்க" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் தட்டினாள். என் கையில் ரேடியோ இருந்தது, நல்லவேளை.

இறங்கி நேராக என்னிடம் வந்தார். "பரவால்லையே, ஏழாவது வந்துட்ட." ரேடியோவைப் பார்த்தார். "வீலு தப்பான பக்கம் இருக்குது."

"தப்பில்லீங்க. இடது பக்கம்."

பஸ்ஸில் வரும்போது நூறு பதில் தோன்றியது. மடியில் காரை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் நல்ல பதில்கள்.

மார்ச் 30, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே பார்க்கிங். வெள்ளைக் காருக்கு ஸ்பிரிங் மாற்றியிருந்தேன். பத்தாவது சுற்றில் ஃபோன் அடித்தது. சுவர்மேல் வைத்திருந்ததை ராமுலு எடுத்துத் திரையைக் காட்டினார். கிருபாசங்கர். அடுத்த வாரம் பெங்களூரில் போட்டி என்று கிஷன் சொல்லியிருந்தான். அங்கே மைதானம் வேறு மண். எண்ணெயும் வேறாகத்தான் ஊற்ற வேண்டும்.

மறுபடி அடித்தது. "எடுக்கலீங்களாம்மா?" என்றார் ராமுலு. வலது கை பிடியில், இடது கை சக்கரத்தில். கார் திருப்பத்துக்கு வந்துகொண்டிருந்தது.

பேட்டரி தீரும்வரை ஓட்டினேன். முப்பத்தொரு சுற்று. சுவர் ஒரு முறை.