உள்தாழ்ப்பாள்

பிரியமுள்ள அக்காவுக்கு,

நானும் இவரும் இங்கே நன்றாக இருக்கிறோம். அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். பாப்பா நன்றாகப் படிப்பதாகப் போன வாரம் சொன்னாய், மனசு குளிர்ந்தது. பதினைந்து வயதுக்காரியைப் பாப்பா என்று எழுதியிருப்பது தெரிந்தால் கோபித்துக்கொள்வாள். அதனால் இந்தக் கடிதத்தை நீ மட்டும் படி.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ ஒரு “ம்” கொட்டினால் போதும், சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிவிடுவேன். சின்ன வயதிலிருந்தே உன்னிடம் எனக்கு அந்தப் பயம் உண்டு. காகிதம் “ம்” கொட்டாது.

கரும்பு வெட்டு தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. கை காய்த்துவிட்டது, இவருக்குத் தூசியில் இருமல் வந்துவிட்டது, அதெல்லாம் வருஷா வருஷம் உள்ளதுதான். இந்த வருஷம் புதிதாக வந்திருப்பது வீடு. ஆமாம் அக்கா, வீடேதான். உர மூட்டை அடுக்கிய பழைய கொட்டகை இல்லை. எங்களை மாதிரி வந்து போகிறவர்களுக்கென்றே கட்டியது, நாற்பது குடும்பத்துக்கு நாற்பது. வெட்டு முடிந்து நாங்கள் கிளம்பினால் வெங்காயம் பிடுங்க வருகிறவர்கள் குடியேறுவார்கள். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனாலும் ஐந்து மாதத்துக்கு யாராவது என் வீடு எது என்று கேட்டால் கை நீட்டிக் காட்டலாம்.

இதைக் கட்டியது ஒரு பெண் இன்ஜினியர். எந்நேரமும் கையில் அளவு டேப்போடு திரிவதால் எங்கள் ஆட்கள் டேப்பம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். போன வருஷம் வந்து, வீட்டில் என்னென்ன வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். எங்களை யார் அப்படிக் கேட்டிருக்கிறார்கள்? ஒருவர் ஃபேன் என்றார், ஒருவர் டிவி என்றார். இவர் காலை நீட்டிப் படுக்கணும், அது போதும் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள், எனக்கு அன்றைக்கு அழவும் தெரியவில்லை.

போன வெட்டு முடிவதற்குள்ளேயே மாதிரிக்கு நான்கு வீடுகள் கட்டினார், அதில் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. குளம் வெட்டிய மண்ணையே அழுத்திக் கல்லாக்கி, சுவர் முழுக்கச் சதுரம் சதுரமாக ஓட்டை விட்டு எழுப்பியிருந்தார். ஃபேன் இல்லாமலே காற்று வர வேண்டும் என்பது அவர் கணக்கு. காற்றும் வந்தது, குறை சொல்லக் கூடாது. குடிபோன மறுநாளே நாங்கள் நாலு வீட்டுப் பெண்களும் சேர்ந்து யூரியா சாக்கு, பழைய பாவாடை, லுங்கிக் கிழிசல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டோம். அந்த வாரம் பார்த்துத்தானா சர்க்கரை ஆலை முதலாளி வந்து நிற்க வேண்டும்? அவ்வளவு அழகாகக் கட்டிய வீடு சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நின்றது.

சூப்பர்வைசர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். இதுகளுக்கு வீடு ஒரு கேடா என்று கத்தினார். டேப்பம்மா மட்டும் கத்தவில்லை, யார் அடைத்தது என்று கேட்டார். நான்தான் என்று முன்னால் போனேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, காத்து வரலாம் மேடம், கண்ணு வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அவர் ஒரு வீட்டில் அடைத்ததையெல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் நின்றுகொண்டு, வெளியே நின்ற சூப்பர்வைசரிடம் என்ன தெரியுது சொல்லுங்க என்றார். அந்த மனுஷன் வெள்ளந்தியாக, மேடம் கழுத்தில் தொங்கும் கண்ணாடி வரை சொன்னார். டேப்பம்மா வெளியே வந்து முதலாளியின் முகத்துக்கு நேராகவே, தப்பு என்னோடதுதான், இவங்க செஞ்சதுதான் சரி என்றார். யானைக்கும் அடி சறுக்கும் அக்கா, ஆனால் சறுக்கிய யானை அதை ஒப்புக்கொண்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் என்னைத் தனியாக உட்கார வைத்து, வேறு என்ன மாற்றணும் என்று கேட்டார். இந்தத் தடவை வாய் தானாகத் திறந்தது. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும் என்றேன். ஆட்கள் மாறும் இடைவெளியில் பூட்டிக் கிடக்கும் வீடு என்பதால் பூட்டுப் போட வெளிப்பக்கம் மட்டும் கொண்டி வைத்திருந்தார்கள். ஆள் உள்ளே இருக்கும் நாட்களைப் பற்றி யாருக்கும் தோன்றவில்லை. யாருக்காகக் கேட்கிறீங்க என்றார். எனக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்றேன். இப்ப எங்கே இருக்கா என்றார். அக்கா வீட்டில் என்றேன்.

உனக்கு நான் முழுசாகச் சொன்னதில்லை. அப்போது கொட்டகையில் நாலு குடும்பம், நடுவில் சேலைதான் சுவர். அவளுக்கு எட்டு வயது. ஒரு மத்தியானம் நான் வயலில் இருந்தபோது, லாரியோடு வந்த எவனோ குடித்துவிட்டுச் சேலையை விலக்கிப் பார்த்திருக்கிறான். பக்கத்துக் குடும்பத்துப் பெரியம்மா போட்ட சத்தத்தில் ஓடிவிட்டான், வேறு ஒன்றும் நடக்கவில்லை. அந்த வாரமே அவளைக் கொண்டுவந்து உன்னிடம் விட்டேன். ஏன், எதற்கு, எத்தனை நாளைக்கு என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. தையல் மெஷினை நகர்த்திவிட்டு அவளுக்குப் பாய் விரித்தாய். ஏழு வருஷம் ஆகிவிட்டது.

கரும்பு முடிந்தால் நாற்று நடவு, நடவு முடிந்தால் வேறு ஊர் என்று ஓடிக்கொண்டிருந்ததில், அவள் வயதுக்கு வந்தது, அம்மை போட்டது, வகுப்பில் முதலாக வந்தது எல்லாம் எனக்குப் போனில் வந்த செய்திதான். போன தடவை நான் வந்திருந்தபோது அவள் அம்மா என்று கூப்பிட்டாள், இரண்டு பேரும் திரும்பினோம். அவள் உன்னைத்தான் கூப்பிட்டாள். வயிறு எரியவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அன்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். யாரை அம்மா என்று கூப்பிடலாம் என்று தேடுகிற நிலைமையில் என் பிள்ளை இல்லையே, அது நீ கொடுத்ததுதானே. உனக்கு நான் எந்த ஜென்மத்தில் நன்றி சொல்லித் தீர்ப்பேன் என்று தெரியவில்லை.

இப்போது வீடு எப்படி இருக்கிறது என்று கேள். ஓட்டைகளையெல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றிவிட்டார். கீழே இருக்கிற இடத்தில் கல்லைச் சாய்த்து அடுக்கியிருக்கிறார், காற்று நுழைகிறது, பார்வை நுழைவதில்லை. தகரக் கூரைக்கு அடியில் கரும்புச் சக்கையை அழுத்திச் செய்த பலகை. நடுமத்தியானத்தில்கூட உள்ளே உட்கார முடிகிறது. சாறு அவங்களுக்கு, சக்கை நமக்குன்னு இத்தனை நாள் அழுதோமே, அந்தச் சக்கைதான் வெயிலைத் தடுக்குது என்று இவர் அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறார். அடுப்புப் புகை குழாய் வழியாக வெளியே போய்விடுகிறது. குளிக்கிற இடத்துக்குத் தனிக் கதவு, அந்தத் தண்ணீர் பின்னால் இருக்கும் பப்பாளிக்குப் போகிறது. கதவுக்கு உள்பக்கம் நான் கேட்ட தாழ்ப்பாளும் வந்துவிட்டது. உள்ளே ஒரு சின்ன அறை தனியாக இருக்கிறது. அதில் நாங்கள் இன்னும் ஒரு சாமானும் வைக்கவில்லை.

சொல்ல வந்தது இதுதான் அக்கா. இன்னும் இரண்டு மாதத்தில் அவளுக்குப் பெரிய லீவு வரும். அந்த நாற்பது நாளைக்கு மட்டும் அவளை இங்கே அனுப்புவாயா? வயல் பக்கமே வர வேண்டாம், படிக்கட்டும், தூங்கட்டும். லீவு முடிந்ததும் நானே கொண்டுவந்து விடுகிறேன், இது சத்தியம். அவளை உன்னிடமிருந்து பிரிக்க நினைக்கிறேன் என்று மட்டும் எண்ணிவிடாதே. நீயும் அத்தானும் கூடவே வந்து நாலு நாள் இருந்தால் எனக்கு அதைவிடப் பெரிய பாக்கியம் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அவளைக் கட்டாயப்படுத்தாதே, வர இஷ்டமா என்று கேட்டுப் பார். சரி என்று சொன்னால் அன்றைக்கே எனக்குப் போன் பண்ணு. மாட்டேன் என்று சொன்னால் அதை என்னிடம் சொல்லாதே அக்கா. லீவில் ஸ்பெஷல் கிளாஸ் வைத்திருக்கிறார்கள் என்று சொல், நான் நம்பிக்கொள்கிறேன்.

உன் கையும் உன் வீடும் என்றைக்கும் நிறைந்திருக்க வேண்டும்.

உன் பாசத்தால் நிமிர்ந்து நிற்கும்,
தங்கை